கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினால் உடல்நலத்துக்கு லாபமா நட்டமா: கணக்குப் போடும் முறை

கஞ்சா உடம்புக்குக் கெடுதலா என்று கேட்டால் ஒரு மருத்துவர் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். அதைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற கேள்விக்கு அந்தப் பதில் பாதிதான் உதவும். தடை இருக்கும்போதும் மக்கள் புகைக்கிறார்கள். தடை போன பிறகும் பெரும்பாலானவர்கள் தொடமாட்டார்கள். சட்டம் மாறினால் எத்தனை பேர் புதிதாகத் தொடங்குவார்கள், ஏற்கெனவே புகைப்பவர்கள் எவ்வளவு கூட்டுவார்கள், எப்படிப்பட்ட சரக்கு அவர்கள் கைக்கு வரும் என்ற வித்தியாசத்தைத்தான் எடை போட வேண்டும். மொத்தக் கெடுதலையும் சட்டத்தின் தலையில் கட்டக் கூடாது. மொத்த நன்மையையும் அதன் பெயரில் எழுதக் கூடாது.

ஒரு மசோதாவையோ பொது வாக்கெடுப்பையோ முன்னால் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியவர்களுக்காக இந்த முறை. ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

எந்தச் சட்டம் என்று முதலில் எழுதுங்கள்

'சட்டபூர்வம்' என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு வேறுபட்ட ஏற்பாடுகள் இருக்கின்றன. போர்ச்சுகல் 2001ல் செய்தது குற்றநீக்கம் மட்டும்: சிறிய அளவு வைத்திருந்தால் சிறை இல்லை, ஆனால் விற்பது குற்றம். உருகுவே 2013ல் சட்டம் இயற்றி, பதிவு செய்தவர்களுக்கு மட்டும் மருந்துக்கடையில் மாதம் 40 கிராம், இல்லாவிட்டால் வீட்டில் ஆறு செடி, அதுவும் இல்லாவிட்டால் உறுப்பினர் சங்கம் என்று மூன்று வழி வைத்தது. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் வீட்டில் மூன்று செடி வளர்க்கவும் வெளியே 25 கிராம் வைத்திருக்கவும் அனுமதித்தது. கடை திறக்க விடவில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி 1 முதல் தனியார் கடைகளில் விற்பனை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுவதும் சட்டபூர்வம், ஆனால் பொட்டலத்தின் நிறத்தில் இருந்து விளம்பரம் வரை கடும் கட்டுப்பாடு.

தாளின் தலைப்பில் உங்கள் முன் இருக்கும் சட்டம் இவற்றில் எதை ஒத்திருக்கிறது என்று குறியுங்கள். லாபத்துக்கு விற்கும் நிறுவனம் உள்ளே வருகிறதா, விளம்பரம் செய்யலாமா, டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) அளவுக்கு உச்சவரம்பு உண்டா, தின்பண்ட வடிவில் விற்கலாமா, வயது வரம்பு என்ன என்ற ஐந்துக்கும் பதில் இல்லாத மசோதாவை எடை போடவே முடியாது. போர்ச்சுகலின் அனுபவத்தைக் காட்டி கொலராடோ மாதிரிக் கடைகளை ஆதரிப்பதும், கொலராடோவைக் காட்டி குற்றநீக்கத்தை எதிர்ப்பதும் இந்த விவாதத்தில் தினமும் நடக்கும் தவறுகள்.

மருந்தைத் தனியே பிரியுங்கள்

நன்மைப் பட்டியலில் முதலில் வந்து உட்காருவது மருத்துவப் பயன். இதை வேறு தாளுக்கு மாற்றுங்கள்.

அமெரிக்கத் தேசிய அகாடமிகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுச் சுருக்கங்களைச் சலித்து 2017ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. மூன்று இடங்களில்தான் வலுவான சான்று இருப்பதாக அது சொன்னது: பெரியவர்களின் நாள்பட்ட வலி, புற்றுநோய்க்கான கீமோதெரபி கொடுக்கும்போது வரும் குமட்டலும் வாந்தியும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் தாமே உணர்ந்து சொல்லும் தசை இறுக்கம். இவற்றோடு, டிராவெட், லெனாக்ஸ்-காஸ்டாட் என்ற இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு கஞ்சாவில் உள்ள போதை தராத பொருளான சி.பி.டி. கொண்ட மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018ல் அங்கீகரித்தது. டி.எச்.சி.யின் செயற்கை வடிவமான டிரொனாபினால் 1985லேயே அங்கீகாரம் பெற்றது. இரண்டும் வந்தபோது அந்நாட்டின் மத்திய சட்டப்படி கஞ்சா தடையில்தான் இருந்தது. மருத்துவர் சீட்டு வழியாகக் கிடைக்கும் நன்மைக்குப் பொழுதுபோக்குக் கடை தேவையில்லை என்பதால், பொழுதுபோக்கு விற்பனைக்கான கணக்கில் இந்த வரிசைக்கு பூஜ்யம் போடுவதே நேர்மை. உங்கள் நாட்டில் மருத்துவ வழியே அடைபட்டிருந்தால், அதைத் திறப்பது வேறு மசோதா.

வலிக்கு உதவும் என்றால் எவ்வளவு உதவும் என்றும் கேட்க வேண்டும். புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலி பற்றி 2018ல் வெளிவந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வின்படி, கஞ்சா சார்ந்த மருந்து எடுத்த 100 பேரில் 29 பேருக்கு வலி 30 விழுக்காடு குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26 பேருக்கு. 24 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவருக்குப் பலன். ஆறு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவருக்குத் தலைசுற்றல், வாய் உலர்தல் மாதிரி ஏதாவது பக்கவிளைவு. பயனற்றது என்று இதை ஒதுக்க முடியாது. வேறு எதுவும் கேட்காத வலியில் அந்த இருபத்து நான்காவது ஆளுக்கு அது பெரிய விஷயம். ஆனால் 'சர்வ ரோக நிவாரணி' என்று கடை வாசலில் எழுத முடியாது.

ஆட்களை எண்ணாதீர்கள், தினசரி ஆட்களை எண்ணுங்கள்

கணக்கில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். 'கடந்த ஆண்டு ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள்' என்ற எண்தான் செய்திகளில் வரும். உடல்நலக் கணக்குக்கு அது ஏறக்குறையப் பயனற்ற எண். ஆண்டுக்கு இரண்டு முறை விருந்தில் இழுப்பவரால் மருத்துவமனைக்குச் சுமை மிகக் குறைவு. கொலராடோ அரசுக்காக 2014ல் செய்த சந்தை ஆய்வில், ஏறத்தாழ தினமும் பயன்படுத்திய ஐந்தில் ஒரு பங்கினர் மொத்தச் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கைத் தீர்த்தார்கள். கடைக்காரரின் வருமானமும் அவர்களிடமிருந்துதான், மருத்துவமனைக்கு வரும் சிக்கலும் அவர்களிடமிருந்துதான். அமெரிக்காவில் 2022ல் தினசரி அல்லது ஏறத்தாழ தினசரி கஞ்சா பயன்படுத்தியவர்கள் 1.77 கோடி, அதே அளவில் மது குடித்தவர்களை (1.47 கோடி) அந்த எண் தாண்டிவிட்டது.

அடுத்தது சரக்கின் வலிமை. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் டி.எச்.சி. 1995 வாக்கில் சுமார் 4 விழுக்காடு, 2014ல் சுமார் 12. பிழிந்தெடுத்த செறிவு வகைகளில் 60 முதல் 90 வரை போகும். பழைய ஆய்வுகளை வைத்து இன்றைய சரக்கை எடை போடுபவர், பீரைப் பற்றிய ஆய்வைப் படித்துவிட்டு சாராயத்துக்கு அனுமதி கொடுப்பவர்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. மனச்சிதைவு போன்ற சைக்கோசிஸ் நோயை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019ல் வெளியான ஆய்வில், தினமும் பயன்படுத்துபவர்களுக்கு சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு ஒருபோதும் பயன்படுத்தாதவர்களைப் போல சுமார் மூன்று மடங்கு; டி.எச்.சி. 10 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள சரக்கைத் தினமும் பயன்படுத்துபவர்களுக்கு சுமார் ஐந்து மடங்கு. பத்து லட்சம் பெரியவர்கள் உள்ள ஊர் என்று வையுங்கள். தினசரி பயன்படுத்தாதவர்களில் லட்சத்துக்கு ஆண்டுக்கு 25 பேருக்குப் புதிதாக நோய் வருகிறது என்று கொள்வோம். இன்று தினசரி ஆட்கள் 40,000. சட்டம் மாறினால் 60,000 ஆவார்கள் என்று ஓர் அனுமானம். இந்த மூன்றும் விளக்கத்துக்கான எண்கள். உங்கள் பகுதியின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைய நிலை: 9,60,000 பேரில் 240, தினசரி 40,000 பேரில் மூன்று மடங்கு வீதத்தில் 30. மொத்தம் 270.

ஆட்கள் மட்டும் கூடி, சரக்கு அப்படியே இருந்தால்: 235 கூட்டல் 45, மொத்தம் 280.

ஆட்கள் கூடாமல், சரக்கு மட்டும் வலுத்தால்: 240 கூட்டல் 50, மொத்தம் 290.

இரண்டும் நடந்தால்: 235 கூட்டல் 75, மொத்தம் 310.

பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு 10, 20, 40 பேர் கூடுதல். முதல் பாடம், 'ஐந்து மடங்கு' என்ற தலைப்புச் செய்தி தரும் பீதி தனி மனிதருக்கான எண்ணில் இல்லை: ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் சொச்சம். இரண்டாவது பாடம், ஆட்களைவிடச் சரக்கின் வலிமை இங்கே அதிகம் பேசுகிறது. இரண்டும் சேரும்போது கூட்டுத்தொகையைத் தாண்டிப் போகிறது. டி.எச்.சி. உச்சவரம்பு பற்றி ஒரு வரி கூட இல்லாத மசோதா ஏன் அரைகுறை என்பது இதிலேயே தெரியும்.

இன்னொரு சுற்றும் போடுங்கள். நோய் வரப்போகிறவர்கள் முன்கூட்டியே கஞ்சாவை நாடுவதும், இரண்டுக்கும் பொதுவான மரபணுக் காரணம் இருப்பதும் சாத்தியம். அந்த அதிகப்படியில் பாதிக்குத்தான் கஞ்சா காரணம் என்று வைத்தால் 40 என்பது 20 ஆகும். முழுக் காரணம், பாதிக் காரணம் என்று இரண்டு எண்ணையும் தாளில் எழுதுங்கள். ஒற்றை எண் சொல்பவரை நம்பாதீர்கள்.

மற்ற கெடுதல்கள்

அடிமைத்தனம்: எப்போதாவது பயன்படுத்திப் பார்த்தவர்களில் சுமார் 9 விழுக்காடு என்ற எண் 1990களில் இருந்து வருகிறது. இப்போது பயன்படுத்திக்கொண்டிருப்பவர்களில் பத்தில் மூன்று பேருக்கு ஏதோ ஓர் அளவில் பயன்பாட்டுக் கோளாறு இருப்பதாக அமெரிக்க மதிப்பீடு. இரண்டும் வேறு வேறு கூட்டத்தில் எண்ணியவை, ஒன்றோடொன்று மோதவிடாதீர்கள். பதின்ம வயதில் தொடங்கினால் ஆபத்து கூடுகிறது என்பதில் சண்டை இல்லை.

நுரையீரல்: நீண்ட காலம் புகைத்தால் சளியும் இருமலும் நாள்பட்ட மார்ச்சளியும். நுரையீரல் புற்றுநோயோடு புகையிலைக்கு உள்ள அளவு தெளிவான தொடர்பு கஞ்சாவுக்குக் காணப்படவில்லை. ஆனால் புகையிலை கலந்து சுருட்டும் வழக்கம் உள்ள இடத்தில் நிகோடின் அடிமைத்தனத்தையும் சேர்த்து எழுத வேண்டும்; பல கணக்குகளில் இது விட்டுப்போகிறது.

கர்ப்பம்: தாய் புகைத்தால் குழந்தையின் பிறப்பு எடை குறைகிறது. வாந்தி நோய்: பல ஆண்டு தினசரி பயன்பாட்டுக்குப் பிறகு வரும் அடங்காத வாந்தி, வெந்நீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும், விட்டால்தான் நிற்கும். வாந்தியை நிறுத்தும் மருந்து என்று நம்பி இன்னும் அதிகமாகப் புகைப்பதால், காரணம் பிடிபட மாதங்கள் ஆகும்.

சாலை விபத்து: தொகுப்பாய்வுகளில் ஆபத்து சுமார் 1.3 மடங்கு, மதுவைவிடக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் நிலைமை மோசம். சிக்கல் அளவிடுவதில். மதுவைப் போல இரத்த அளவும் தடுமாற்றமும் சேர்ந்து போவதில்லை. டி.எச்.சி. கொழுப்பில் தங்கி மெல்ல வெளியேறுவதால், தினசரி ஆளுக்கு நேற்றைய சரக்கின் எச்சமே இன்று இரத்தத்தில் தெரியும். எப்போதாவது புகைப்பவருக்கோ போதை இருக்கும்போதே அளவு மளமளவென இறங்கிவிடும். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்று கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் வைத்த எல்லை வழக்கு நடத்த வசதி, தடுமாற்றத்தை அளக்கும் கருவி அல்ல.

குழந்தைகள் தின்றுவிடுவது: சட்டம் நேரடியாக உருவாக்கும் கெடுதல் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அமெரிக்க நச்சுத் தகவல் மையங்களுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சாத் தின்பண்டம் தின்றதாக வந்த பதிவுகள் 2017ல் 207, 2021ல் 3,054. அங்கே செய்த ஓர் ஆய்வு, உடல் எடையில் கிலோவுக்கு 1.7 மில்லிகிராம் டி.எச்.சி.யைத் தொட்டால் கடுமையான அல்லது நீடித்த பாதிப்பை எதிர்பார்க்கலாம் என்றது. பன்னிரண்டு கிலோ எடையுள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு அது சுமார் 20 மில்லிகிராம். கொலராடோவில் ஒரு பொட்டலத்தில் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். கனடாவில் 10 மில்லிகிராம்தான் உச்சம். கொலராடோ பொட்டலத்தில் இரண்டு மிட்டாய் போதும் அந்த எல்லையை எட்ட. கனடாவில் குழந்தை இரண்டு பொட்டலங்களைப் பிரிக்க வேண்டும். ஒரே 'சட்டபூர்வம்', ஒரே பொருள். பொட்டல விதி மட்டும்தான் வேறு.

பெரியவர்களும் தின்பண்டத்தில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். புகை சில நிமிடங்களில் வேலை செய்யும். தின்றது குடலுக்கும் ஈரலுக்கும் போய் வேறொரு வீரியமான பொருளாக மாறி மூளைக்கு வர அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இரண்டாவது துண்டை எடுப்பவர், இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடத்து அவசரப் பிரிவுக்கு வருவார்.

தடையின் கெடுதலையும் அதே தாளில்

எதிர்ப்பவர்கள் இந்த வரிசையைக் காலியாக விடுவார்கள். தெருவில் வாங்கும் பொட்டலத்தில் எவ்வளவு டி.எச்.சி., என்ன பூச்சிமருந்து, என்ன பூஞ்சை என்று வாங்குபவருக்குத் தெரியாது. 2019ல் அமெரிக்காவில் வேப் எனும் மின்புகைக் கருவிகளால் நுரையீரல் சிதைந்து 2,800க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 68 மரணம். டி.எச்.சி. எண்ணெயில் கலப்படம் செய்த வைட்டமின் ஈ அசிடேட் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் அது கள்ளச் சந்தைச் சரக்கு. இதோடு கைது, குற்றப் பதிவு, அதனால் போகும் வேலை, போலீசுக்குப் பயந்து சிகிச்சைக்கு வராமல் இருப்பது. இவையும் உடல்நலக் கணக்குத்தான். ஆனால் இதில் பெரும்பகுதியைக் குற்றநீக்கம் மட்டுமே சரிசெய்துவிடும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். சோதித்த சரக்கு என்ற நன்மைக்குத்தான் உரிமம் பெற்ற விற்பனை வேண்டும். அதிலும் ஓட்டை உண்டு: அதிக டி.எச்.சி. எண் தரும் ஆய்வகத்தைத் தேடித் தேடி மாதிரி அனுப்பும் பழக்கம் உரிமச் சந்தைகளில் வளர்ந்திருக்கிறது. மாதிரி எடுப்பவர் விற்பவராக இருக்கக் கூடாது என்ற விதியைத் தேடிப் பாருங்கள்.

'மதுவை விட்டு இதற்கு மாறுவார்கள்' என்ற நன்மைக்கு ஆய்வுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. இப்போதைக்கு பூஜ்யம்.

புள்ளிவிவரம் காலை வாரும் இடங்கள்

2014ல் வந்த ஓர் ஆய்வு, மருத்துவக் கஞ்சாச் சட்டம் உள்ள அமெரிக்க மாநிலங்களில் ஓபியாய்டு எனும் அபின் வகை வலிமருந்து மரணங்கள் எதிர்பார்த்ததைவிட சுமார் 25 விழுக்காடு குறைவு என்றது. ஆதரவாளர்கள் ஊரெல்லாம் அதைச் சொன்னார்கள். 2010 வரை இருந்த அதே கணக்கை 2017 வரை நீட்டி, 2019ல் வேறொரு குழு வெளியிட்டபோது 25 குறைவு என்பது சுமார் 23 அதிகம் என்று திரும்பியது. கஞ்சா உயிர்காத்தது என்பதும் கொன்றது என்பதும் இரண்டுமே அதிலிருந்து கிடைக்காது. மாநில சராசரிகளை வைத்துத் தனி மனிதர் என்ன செய்தார் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

எதிர்த் தரப்பின் பிடித்தமான எண்ணுக்கும் இதே கதி. நியூசிலாந்தின் டனடின் ஆய்வு 2012ல், பதின்ம வயதில் தொடங்கிப் பல ஆண்டு விடாதவர்களுக்கு ஐ.க்யூ. 8 புள்ளி வரை இறங்கியதாகச் சொன்னது. 2016ல் இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வில், பயன்படுத்திய இரட்டையருக்கும் பயன்படுத்தாதவருக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. குடும்பச் சூழல் குறுக்கே நிற்கிறது. பயன்படுத்தும் பதின்ம வயதினர் யாருக்கும் மூளை பாதிக்காது என்று இதற்குப் பொருள் இல்லை. 8 என்ற எண்ணை மட்டும் கணக்கில் போடாதீர்கள்.

இன்னும் மூன்று வழுக்கல்கள். தடை போனதும் நோயாளிகள் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லத் தொடங்குவார்கள்; நோய் கூடாமலே பதிவு கூடும். விபத்தில் சிக்கியவர்களுக்கு இரத்தச் சோதனை அதிகமாகச் செய்தால் டி.எச்.சி. அதிகமாகத்தான் கிடைக்கும். மூன்றாவது, காலம்: கனடாவில் சட்டம் 2018 அக்டோபரில் வந்தாலும் ஒன்டாரியோவில் முதல் கடைகள் திறந்தது 2019 ஏப்ரலில், விரல்விட்டு எண்ணும் அளவில், தின்பண்டங்கள் இன்னும் பின்னால். முதலாண்டு எண்ணைக் காட்டி 'ஒன்றும் ஆகவில்லை' என்பவர் கடையே இல்லாத ஆண்டைக் காட்டுகிறார்.

மசோதாவில் திருத்த வேண்டிய திருகுகள்

தாள் நிறைந்த பிறகு 'ஆதரவா எதிர்ப்பா' என்று முடிக்க வேண்டியதில்லை. எந்த விதியை மாற்றினால் எந்த எண் இறங்கும் என்று பாருங்கள். பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம், மிட்டாய் வடிவத்துக்குத் தடை (கனடாவின் கியூபெக் மாகாணம் மிட்டாய்களை விற்பதில்லை), குழந்தை திறக்க முடியாத மூடி: குழந்தைகள் வரிசை சரியும். வலிமைக்கு ஏற்ற வரி, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் செய்வதுபோல 35 விழுக்காடு டி.எச்.சி.க்கு மேல் 25 விழுக்காடு, அதற்குள் 10: சைக்கோசிஸ் வரிசை சரியும். 21 வயது, விளம்பரத் தடை, அரசே விற்பது: தினசரி ஆட்கள் கூடும் வேகம் குறையும்.

ஒன்றை இழுத்தால் இன்னொன்று விடும். உருகுவே மருந்துக்கடைகளில் தொடக்கத்தில் மிக மென்மையான வகைகளை மட்டும் வைத்தது; பிறகு வலிமையான வகைகளைச் சேர்க்க வேண்டிவந்தது. உச்சவரம்பைத் தரையில் வைத்தால் கள்ளச் சந்தை சிரிக்கும், வைக்காவிட்டால் செறிவு வகைகள் அலமாரியை நிறைக்கும். எங்கள் கணிப்பில் பூவுக்கு 15 விழுக்காட்டை ஒட்டி ஒரு வரம்பு, செறிவு வகைகளுக்கு மருத்துவர் சீட்டு என்பது நடைமுறைக்கு ஏற்ற தொடக்கம். சந்தையைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் அதிகாரம் சுகாதாரத் துறையிடம் இருக்க வேண்டும், வரித்துறையிடம் அல்ல.

கடைசியாக, சட்டம் அமலுக்கு வருவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்பே ஆறு எண்களைச் சேகரிக்க ஏற்பாடு செய்யுங்கள்: தினசரி பயன்படுத்துபவர்கள், விற்கும் சரக்கின் சராசரி டி.எச்.சி., ஆறு வயதுக்குட்பட்டவர்களின் நச்சுப் பதிவு, முதல்முறை சைக்கோசிஸ் சேர்க்கை, காயம்பட்ட ஓட்டுநர்கள் அனைவரின் இரத்தச் சோதனை (சந்தேகப்பட்டவர்களுடையது மட்டும் அல்ல), சிகிச்சைக்குத் தாமாக வருபவர்கள். முதல், மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் அதே மருத்துவமனைகளில், அதே நோய்க் குறியீட்டில் எடுக்க வேண்டும். எந்த எண் எவ்வளவு ஏறினால் எந்த விதி தானாக இறுகும் என்பதை மசோதாவிலேயே எழுதச் சொல்லுங்கள். கடைகளும் முதலீடும் வந்த பிறகு அந்த வரியைச் சேர்க்க யாரும் விடமாட்டார்கள்.